ஓட்டை இல்லாத இலை

ஆராய்ச்சி நிலையத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பூதக்கண்ணாடி என்றுதான் சொல்வார்கள். அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர் தட்டுக்காரர். கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளைக் கழுவுவது, அதில் கிருமிக்குத் தீனியான கூழை ஊற்றுவது, எண் எழுதி அடுக்குவது, மறுநாள் எடுத்து அளப்பது எல்லாம் அவர் வேலை. வேலை நேரத்தில் பாதியைத் தட்டுகளுக்கும் மீதியை அடுத்தவர்களுக்குப் பட்டம் சூட்டுவதற்கும் ஒதுக்கி வைத்திருந்தார். அவள் வேலைக்கு வந்த முதல் வாரம், ஒரு இலையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கண்டுவிட்டார். அதோடு அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் தங்கிவிட்டது.

இலை பொறுக்கும் அறை கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. நீளமான தகர மேஜை, இரண்டு தண்ணீர்த் தொட்டி, ஒரு தராசு, சுவரோரமாகக் கம்பி வலை போட்ட உலர்த்தும் தட்டுகள். மேஜைக்கு வலப்பக்கம் பச்சைக் கூடை, இடப்பக்கம் கறுப்புக் கூடை. நிலையத்தின் தோட்டத்திலிருந்து சாக்கில் வரும் இலையை மேஜையில் கொட்டி, நல்லதைப் பச்சைக் கூடையிலும் கழிசலைக் கறுப்புக் கூடையிலும் போட வேண்டும். நல்ல இலையை மூன்று தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்து, தேதியும் எடையும் எழுதிய அட்டையில் கையெழுத்துப் போட்டு உள்ளே அனுப்ப வேண்டும். கறுப்புக் கூடை உரக்குழிக்குப் போகும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த அவ்வளவுதானில் அவளைப் போல யாரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

ஓட்டை தேடுவது அவளுக்குப் புதிதல்ல. பதினெட்டு வயதிலிருந்து பதினான்கு வருடம் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் துணி சோதிக்கும் மேஜை முன்னால் நின்றவள். அடியில் குழல் விளக்கு எரியும் கண்ணாடி மேஜை. துணி அதன் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். ஊசிமுனை அளவு ஓட்டை தெரிந்தாலும் சிவப்பு அம்புக்குறி ஒட்ட வேண்டும். விட்டுவிட்டால் மேற்பார்வையாளர் அந்தத் துணியை எல்லாரும் பார்க்கத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "இது யாரோட கண்ணு?" என்று கேட்பார். பதினான்கு வருடத்தில் அவளுக்கு அது இரண்டே முறை நடந்தது. இரண்டும் என்ன நிறத் துணி, என்ன கிழமை என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வாள். தொழிற்சாலையை இழுத்து மூடியபோது அவளோடு வந்தது அந்தக் கண் ஒன்றுதான்.

இலை மேஜையில் அவளுக்கு முன்னால் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தவள் அவளுடைய நாத்தனார், புருஷனின் அக்கா. முழங்கால் தேய்ந்து உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல் வேலையை விட்டபோது, "என் தம்பி பொண்டாட்டி சும்மாதான் இருக்கா, அவளைப் போடுங்க" என்று மேனேஜரிடம் சொல்லி இடத்தை வாங்கிக் கொடுத்தவளும் நாத்தனார்தான். அதை நாத்தனார் ஒரு நாளும் மறந்ததில்லை. மறக்க விட்டதுமில்லை. சாப்பாட்டில் உப்பு கூடினால், "வேலை வாங்கிக் குடுத்த நன்றிக்கு என் நாக்கைப் பொசுக்குறியா" என்பாள். உப்பு குறைந்தால், "சம்பளம் வாங்கற திமிரு, அடுப்படியில மனசு நிக்கல" என்பாள்.

வீடும் நாத்தனாருடையதுதான். முன்னறை, படுக்கையறை, இரண்டு பேர் ஒரே நேரத்தில் திரும்பினால் முழங்கை இடித்துக்கொள்கிற சமையலறை. பூதக்கண்ணாடியின் புருஷன் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர். எந்த மோட்டார் எந்தச் சத்தம் போட்டாலும் எங்கே கோளாறு என்று கேட்டவுடன் சொல்லிவிடுவார். சொந்த வீட்டுச் சமையலறையிலிருந்து வரும் சத்தத்துக்கு மட்டும் அவரிடம் மருந்தில்லை.

அந்த வீட்டிலிருந்து தப்பிக்க ஒரு வழி இருந்தது. நிலையத்தின் வேலியோரம் நிரந்தர ஊழியர்களுக்காக ஆறு குவார்ட்டர்ஸ் வீடுகள் வரிசையாக இருந்தன. நான்காவது வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு வருடம் தற்காலிகமாக வேலை பார்த்து, ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா நல்ல குறிப்பு எழுதிக் கொடுத்தால் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால் அந்த வீடு அவளுக்கு. சாப்பாட்டு நேரத்தில் கை கழுவுகிற சாக்கில் போய் அதன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாள். எந்த ஆணியில் என்ன மாட்டுவது என்பது வரை மனதுக்குள் குடியேறிவிட்டாள். பத்து மாதம் ஓடியிருந்தது. பாக்கி இரண்டு மாதம்.

அந்த நேரம் பார்த்துத்தான் பதினேழு மக்கர் செய்தது.

பதினேழு என்பது ஒரு புதர்ச்செடி. அதன் இலையை அரைத்துப் புண்ணில் பூசுவது பல தலைமுறைப் பழக்கம். நிலையத்தின் பட்டியலில் அதன் எண் பதினேழு. அந்த இலை நிஜமாகவே கிருமியைக் கொல்கிறதா, கொல்கிறது என்றால் அதற்குள் இருக்கும் எந்தப் பொருள் கொல்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் டாக்டரம்மாவின் ஆராய்ச்சி. காய்ந்த இலையைப் பொடித்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டி, ஸ்பிரிட்டை ஆவியாக்கினால் கரும்பச்சையாக ஒரு பசை மிஞ்சும். மிளகு அகலமுள்ள வட்டத் தாளில் அந்தப் பசைக் கரைசலை ஊறவிட்டு உலர்த்தி, புண்ணில் சீழ் வைக்கும் கிருமி தடவிய தட்டில் வைப்பார்கள். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி வெள்ளையாகப் படர்ந்திருக்கும். தாளைச் சுற்றி மட்டும் கிருமி அண்டாத ஒரு வளையம் தெளிவாகத் தெரியும். வளையம் எவ்வளவு அகலமோ மருந்துக்கு அவ்வளவு வலு.

நாத்தனார் அனுப்பிய இலைக்கு வளையம் பதினெட்டு மில்லிமீட்டர். இவள் வந்து பழைய இருப்பு தீரத் தீர அது பன்னிரண்டானது, ஒன்பதானது. கடைசி மூன்று முறையும் ஏழு. வட்டத் தாளின் அகலமே ஆறு மில்லிமீட்டர். ஏழு என்பது ஒன்றுமில்லை என்பதற்கு மரியாதையான பெயர்.

மூன்றாவது ஏழு வந்த அன்று டாக்டரம்மா கையுறையைக்கூடக் கழற்றாமல் இலை அறைக்கு வந்து நின்றார்.

"இலைய எதுல கழுவுறீங்க?"

"தண்ணியில."

"வெறும் தண்ணியா?"

"பின்ன பன்னீரா? சந்தேகமா இருந்தா தொட்டியில கைய விட்டுப் பாருங்க."

"சோப்புத்தூள் போடுறீங்களான்னு கேக்குறேன். உங்க சுத்தம்தான் ஊரறிஞ்சதாச்சே."

"இந்த ரூம்ல சோப்பே கிடையாது. கை கழுவறதுக்குக் கேட்டே மூணு மாசம் ஆச்சு."

"வெயில்ல போட்டுக் காயவைக்கிறீங்களா?"

உலர்த்தும் தட்டுகள் பக்கத்து ஜன்னலில் அடித்திருந்த கறுப்புத் துணியைத் தாடையால் காட்டினாள்.

"அப்ப என்னதான் பண்றீங்க? அதே தோட்டம், அதே செடி. உங்க நாத்தனார் அனுப்பினப்ப பதினெட்டு வந்துச்சு. நடுவுல மாறினது நீங்க ஒருத்தர்தான்."

"மாறினது நல்லதுக்குத்தான். அவங்க அனுப்பின இலைய என்னிக்காவது பாத்திருக்கீங்களா? சல்லடை. புழு அரிச்சது, பூச்சி கடிச்சது எல்லாத்தையும் அப்படியே அள்ளிக் குடுத்திருக்காங்க. நான் ஒரு ஓட்டை இலைய உள்ள விட்டதில்ல."

"ஓட்டை கீட்டையெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்கு வேலை செய்யற இலை வேணும். அடுத்த மாசம் ஆராய்ச்சியச் சரிபாக்க கமிட்டி வருது. இந்தத் தடவையும் ஏழு வந்தா உங்க குறிப்புல கையெழுத்துப் போட மாட்டேன். உங்க நாத்தனாரை நாற்காலி போட்டு உக்கார வெச்சாவது வேலை வாங்கிக்கறேன்."

சொல்லிவிட்டு டாக்டரம்மா போய்விட்டார். தட்டுக்காரர் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு விஷயத்தை வயிற்றில் வைத்துக்கொள்ளும் வழக்கம் கிடையாது. சாயங்காலம் அவள் வீட்டுப் படியேறுவதற்குள் சேதி சமையலறைக்கே வந்து சேர்ந்திருந்தது.

"நாற்காலி போட்டுத் தராங்களாமே எனக்கு" என்றாள் நாத்தனார். காலை நீட்டி முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "மெத்தையும் சேத்துக் கேக்கலாமான்னு பாக்குறேன்."

"கேளுங்க அண்ணி. இலைய நீங்க படுத்துக்கிட்டுதானே பொறுக்குவீங்க."

"படுத்துக்கிட்டுப் பொறுக்கியும் பதினெட்டு வந்துச்சும்மா. நீ நிமிர்ந்து உக்காந்து என்ன கிழிச்சே? ஏழு."

"நீங்க பொறுக்கவே இல்ல. சாக்கைக் கவிழ்த்து அப்படியே கழுவிப் போட்டிருக்கீங்க. அந்த மேஜை டிராயர்ல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். தலையணை உறை."

"கை ராசின்னு ஒண்ணு இருக்கு. அது தலையணை வெச்சிருந்தாலும் வேலை செய்யும்." நாத்தனார் தைலப் புட்டியை மூடினாள். "குவார்ட்டர்ஸ் கனவையெல்லாம் மூட்டை கட்டி வை. நாலாம் நம்பர் வீட்டு ஜன்னல்ல உன் மூக்குத் தடம் பதிஞ்சதுதான் மிச்சம்."

ஜன்னல் விஷயத்தையும் தட்டுக்காரர் சொல்லியிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. பாத்திரம் தேய்த்தபடியே யோசித்தாள். அவள் அனுப்பிய இலையில் குற்றமில்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அப்படியென்றால் கோளாறு உள்ளே இருக்கிறது. தட்டிலோ, கூழிலோ, கிருமியிலோ, அளக்கிற ஸ்கேலிலோ. அதை எப்படி நிரூபிப்பது? தேய்த்த தட்டையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தபோது வழி தோன்றியது. நல்ல இலைக்கு ஏழு எழுதுகிறார்கள் அல்லவா? குப்பையைக் கொடுப்போம். அதற்கும் ஏழுதான் எழுதுவார்கள். அப்போது கேட்கலாம். தங்கத்துக்கும் தகரத்துக்கும் ஒரே அளவு காட்டுகிற தட்டை வைத்துக்கொண்டு யாருடைய கையைக் குறை சொல்கிறீர்கள் என்று.

மறுநாள் பதினேழாம் எண் சாக்கு வந்தது. வழக்கம்போல மேஜையில் கொட்டிப் பிரித்தாள். பிறகு பச்சைக் கூடையை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கறுப்புக் கூடையை மேஜையில் கவிழ்த்தாள். அதிலும் அவளுக்கு அரைகுறையாகச் செய்ய வரவில்லை. ஒரே ஒரு கடி பட்ட இலையெல்லாம் வேண்டாமென்று ஒதுக்கினாள். ஓரம் முழுக்கத் தின்று, நடுவில் பொத்தல் விழுந்து, நரம்பு மட்டும் மிஞ்சிய இலைகளாகத் தேடித் தேடி எடுத்தாள். குப்பையிலும் முதல் தரமான குப்பை. மூன்று தண்ணீரில் அலசினாள். பச்சைக் கூடை இலைக்கான அட்டையை எடுத்து, தேதி போட்டு, எடை எழுதிக் கையெழுத்தும் போட்டாள். தெரிந்தே ஓட்டையை உள்ளே விடுவது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

இலை காய ஆறு நாள், ஊற மூன்று நாள், பசையாக இரண்டு நாள், தட்டில் ஒரு நாள். பன்னிரண்டு நாளும் நாத்தனார் வீட்டில் நாற்காலியைப் பற்றியே பேசினாள். கைப்பிடி வைத்ததா வைக்காததா என்பது அவளுடைய சந்தேகம்.

பதின்மூன்றாம் நாள் காலை தட்டுக்காரர் வந்தார். முகத்தில் வழக்கமான நக்கல் இல்லை.

"இருபத்தொண்ணு" என்றார்.

"என்ன இருபத்தொண்ணு?"

"வளையம். ஸ்கேலை மாத்தி அளந்தேன். அப்பவும் இருபத்தொண்ணு. மூணு தட்டுலயும் அதேதான்."

கேட்க வேண்டுமென்று பன்னிரண்டு நாளாகத் தேய்த்து மெருகேற்றி வைத்திருந்த கேள்வி ஒரே நொடியில் உதவாமல் போயிற்று. பின்னாலேயே டாக்டரம்மா வந்தார். பத்து மாதத்தில் அவர் பல்லை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"வழிக்கு வந்துட்டீங்க. நாத்தனார்கிட்ட கேட்டுக் கத்துக்கிட்டீங்க போல. இத முன்னாடியே செஞ்சிருக்கலாம். கேட்டா குறைஞ்சா போயிடுவோம்? சரி விடுங்க, குறிப்புல இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன்."

நான்காம் நம்பர் வீட்டுச் சாவி கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நின்றது. அவள் ஒன்றும் செய்ய வேண்டாம். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இனி வருகிற சாக்கிலெல்லாம் குப்பையைப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டே போகலாம். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு மூச்சு இழுக்கும் நேரம் அவள் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் "நாத்தனார்கிட்ட கத்துக்கிட்டீங்க" என்ற வார்த்தை மீன் முள் மாதிரி குறுக்கே நின்றது. அதை விழுங்க அவளால் முடியவில்லை.

"நான் யார்கிட்டயும் எதையும் கத்துக்கல" என்றாள். "அது கழிசல் இலை. கறுப்புக் கூடையிலேர்ந்து எடுத்து அனுப்பினேன்."

"என்ன சொல்றீங்க?"

"பூச்சி தின்ன குப்பைய அனுப்பினேன். நல்ல இலை, கெட்ட இலை எதைக் குடுத்தாலும் உங்க தட்டு ஒரே மாதிரிதான் காட்டும்னு நிரூபிக்க."

டாக்டரம்மாவின் முகம் சிவந்துபோனது. "அட்டையில நல்ல இலைன்னு எழுதி கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"ஆமா."

"என் ஆராய்ச்சியில விளையாடறதுக்கு நீங்க யாரு?"

"விளையாடல. சோதிச்சுப் பாத்தேன். சோதிக்கிற உரிமை உங்களுக்கு மட்டும்னு எங்கயாவது எழுதி ஒட்டியிருக்கா?"

டாக்டரம்மா கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். அரை மணி நேரத்தில் அவள் மீது எழுத்துமூலமாகப் புகார் மேனேஜர் மேஜைக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை அவள் அறையைத் திறக்க வந்தபோது கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. டாக்டரம்மா தரையில் குந்தி உட்கார்ந்து கறுப்புக் கூடைக்குள் கையை விட்டு ஒவ்வொரு இலையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தூங்கிய முகமாகத் தெரியவில்லை. அவளைப் பார்த்ததும் எழுந்தார். கோபம் அப்படியேதான் இருந்தது. அதனோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது.

"நாலு மூட்டை வேணும்" என்றார். "ஒண்ணு, ஓட்டையே இல்லாத இலை. ரெண்டு, பூச்சி கடிச்சது. மூணு, ரெண்டும் பாதிப் பாதி. நாலாவது, நல்ல இலைய செடியில இருக்கும்போதே கத்தரிக்கோலால ஓட்டை போட்டு, மூணு நாள் விட்டுப் பறிக்கணும்."

"எதுக்கு?"

"காயம் பட்டா போதுமா, பூச்சியே கடிக்கணுமான்னு தெரியணும். உங்களை நம்பி விட மாட்டேன். பக்கத்துலயே உக்காந்து பாப்பேன்."

"பாருங்க. ஆனா மூட்டைய உள்ள கொண்டு போனப்புறம் உங்களையும் நான் நம்ப மாட்டேன். எந்த மூட்டை எதுன்னு உங்களுக்கும் தெரியக் கூடாது. தட்டுக்காரர் நம்பர் போடட்டும். சீட்டை மேனேஜர் பூட்டி வெச்சுக்கட்டும்."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் டாக்டரம்மா கசப்பாக.

பதினைந்து நாள் இரண்டு பேரும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பூதக்கண்ணாடி பொறுக்கிய இலையை டாக்டரம்மா திருப்பிப் பார்த்தார். டாக்டரம்மா கத்தரித்த ஓட்டையைப் பூதக்கண்ணாடி குறை சொன்னாள். "இது பூச்சி கடிச்ச மாதிரியா இருக்கு? தையல்காரர் வெட்டின மாதிரி இருக்கு." மூட்டைகளை அரக்கு வைத்து மூடி, அதன் மேல் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் கையெழுத்தை ஒருவர் சரிபார்த்தார்கள்.

சீட்டைப் பிரித்தபோது மேனேஜர் அறையில் நான்கு பேரும் இருந்தார்கள். தட்டுக்காரர் வாசித்தார். நல்ல இலைக்கு ஏழு. பாதிப் பாதிக்குப் பதினாலு. கத்தரிக்கோல் இலைக்கு எட்டு. பூச்சி கடித்ததற்கு இருபது.

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு யாரையும் பார்க்காமல், ஜன்னலிடம் சொல்வது போலச் சொன்னார். பூச்சியின் எச்சில் பட்டால்தான் செடி அதை எதிர்க்க ஒரு பொருளைச் சுரக்கிறது போலிருக்கிறது. கிருமியைக் கொல்வதும் அதே பொருளாக இருக்கலாம். பூச்சி தொடாத இலைக்கு அதைச் சுரக்க வேண்டிய அவசியம் வருவதில்லை. ஒழுங்காகப் பொறுக்கிய இலையில் மருந்தே கிடையாது.

"நம்ம பூதக்கண்ணாடி மாதிரின்னு சொல்லுங்க" என்றார் தட்டுக்காரர். "யாராவது சீண்டினாத்தான் வேலை நடக்கும்." ஒருவரும் சிரிக்காததால் தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"இந்த ஓட்டை விஷயத்தை முதல்லயே அழுத்திச் சொல்லியிருக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

"சொன்னேன். ஓட்டை கீட்டையெல்லாம் தெரியாதுன்னீங்க."

டாக்டரம்மா மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. டாக்டரம்மா தன் பையிலிருந்து குறிப்புத் தாளை எடுத்து மேனேஜர் மேஜையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "இனிமே கடிபட்ட இலைய எத்தனை கடின்னு எண்ணித் தரம் பிரிக்கணும். அதுக்கு இவங்கள விட்டா வேற ஆள் இல்ல" என்று மருந்து குடிக்கிற முகத்தோடு சொல்லிவிட்டுப் போனார். புகாரை மட்டும் திரும்பப் பெறவில்லை. அட்டையில் பொய் எழுதியது பொய்தான் என்பது அவர் கட்சி.

அதனால் அவளுக்கு ஒரு வருடம் நிறைந்த அன்று மேனேஜர் அவளைக் கூப்பிட்டபோது மேஜையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று நிரந்தர வேலைக்கான உத்தரவு. அதன் மேல் நான்காம் நம்பர் வீட்டுச் சாவி இருந்தது. இன்னொன்று எச்சரிக்கைக் கடிதம்.

"புகார்னு ஒண்ணு வந்தா நடவடிக்கைன்னு ஒண்ணு எடுத்தாகணும்" என்றார் மேனேஜர். நல்ல மனிதர். எந்தச் சண்டையையும் காகிதத்துக்குள் மடித்து வைத்துவிட முடியும் என்று நம்புகிறவர். "மெலிசாத்தான் எழுதியிருக்கேன். இதுல ஒரு கையெழுத்து, அதுல ஒரு கையெழுத்து. சாவிய எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

அவள் கடிதத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். ஊழியரின் கவனக்குறைவால் கழிசல் இலை நல்ல இலை என்ற அட்டையோடு தவறுதலாக அனுப்பப்பட்டது என்றும், இனி இத்தகைய கவனக்குறைவு நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் இருந்தது. மறுபடியும் படித்தாள்.

"இதுல தப்பு இருக்குங்க."

"தேதியா?"

"கவனக்குறைவுன்னு போட்டிருக்கீங்க."

"உங்க நல்லதுக்குத்தான்ம்மா போட்டிருக்கேன்."

"நான் கவனமாத்தான் பண்ணேன். ஒவ்வொரு இலையாப் பாத்துப் பொறுக்கி அனுப்பினேன். தவறுதலால்லாம் ஒண்ணும் போகல. வேணும்னே அனுப்பினேன்னு எழுதுங்க, போடறேன்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ன கேக்குறீங்கன்னு புரிஞ்சுதான் கேக்குறீங்களா? கவனக்குறைவுன்னா எச்சரிக்கையோட போச்சு. வேணும்னேன்னு எழுதிட்டா இந்த உத்தரவை நான் குடுக்க முடியாது. விதிப்படி இன்னும் ஆறு மாசம் தற்காலிகம்தான். வீடும் அதுக்கப்புறம்தான். அதுவரைக்கும் வேற யாரும் கேக்காம இருந்தா."

"வேற யாராவது கேப்பாங்களா?"

"டிரைவர் கேட்டுக்கிட்டே இருக்கார்."

அவள் சாவியைப் பார்த்தாள். அதில் ஒரு பித்தளை வில்லையில் நான்கு என்று வெட்டியிருந்தது. ஆறு மாதம். முழங்கை இடிக்கும் சமையலறை, தைல வாசனை, கை ராசிப் பேச்சு. ஆறு மாதம் கழித்து வீடு இல்லாமலும் போகலாம். போடு கையெழுத்தை என்று மனதின் ஒரு பாதி சொன்னது. ஒரே ஒரு வார்த்தைதானே, பூட்டிய அலமாரிக்குள் கிடக்கப்போகிற காகிதம், யார் படிக்கப்போகிறார்கள்? அவள் படித்துவிட்டாள். அதுதான் பிரச்சினை.

"எழுதுங்க" என்றாள்.

"யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க."

"நாளைக்கும் இதைத்தான் சொல்வேன். எதுக்கு ஒரு நாளை வீணாக்கணும்?"

மேனேஜர் சாவியை இழுப்பறையில் போட்டார். புதுக் கடிதம் தட்டச்சாகி வர இருபது நிமிடம் ஆனது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். வந்ததும் ஒவ்வொரு வரியாகப் படித்து, எழுத்துக்கு மேல் எழுத்து ஏறாமல் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டில் அவள் அடுப்பு வேலையை முடித்ததும் புருஷன்தான் கேட்டார். "சாவி குடுத்தாங்களா?"

"இல்ல. ஆறு மாசம் தள்ளிப் போச்சு." நடந்ததை நான்கு வரியில் சொன்னாள்.

புருஷன் அவளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"உனக்குப் பைத்தியமா?" என்றாள் நாத்தனார். நிஜமாகவே அதிர்ந்துபோயிருந்தாள். தம்பி பெண்டாட்டி வீட்டை விட்டுக் கிளம்புவதில் அவளுக்கும் கணக்கில்லாத சந்தோஷம் காத்திருந்தது. "ஒரு வார்த்தைக்காகவா? கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்திருந்தா நீயும் நிம்மதி, நானும் நிம்மதி."

"கவனமில்லாதவன்னு எழுத வந்தாங்க அண்ணி. அது எனக்கு எழுத வேண்டியது இல்ல. பதினோரு வருஷம் முன்னாடி உங்களுக்கு எழுதியிருக்க வேண்டியது."

"நான் கவனமில்லாம செஞ்சும் பதினெட்டு வந்துச்சு. அத மறந்துடாத."

"அது பூச்சி செஞ்ச வேலை. நீங்க பக்கத்துல தூங்கிக்கிட்டு இருந்தீங்க."

நாத்தனார் சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். முழங்கால் சடக்கென்றது. "சரி. ஆறு மாசமும் உன் உலை தனி, என் உலை தனி. இன்னிலேர்ந்து."

"நாளைலேர்ந்து வெச்சுக்கலாம் அண்ணி" என்றாள் பூதக்கண்ணாடி, பானையின் மூடியைத் திறந்து பார்த்தபடி. "இன்னிக்கு உங்களுக்கும் சேத்துப் போட்டுட்டேன்."